ஆம்பூர் ஷூவும் அயர்லாந்து எல்லையும்: பிரிட்டன் வெளியேறிய பேச்சுவார்த்தை, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 டிசம்பர் 31 வரை ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி தோல் ஷூ சென்னையில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஒருமுறை சுங்கத் தீர்வை கட்டிவிட்டால் போதும். அங்குள்ள கிடங்கிலிருந்து அயர்லாந்துக் குடியரசின் தலைநகர் டப்ளினுக்கோ பாரிஸுக்கோ லாரியில் போகும்போது எல்லையில் ஒருவரும் காகிதம் கேட்கமாட்டார்கள். மறுநாளிலிருந்து அதே ஷூ அதே கிடங்கிலிருந்து டப்ளினுக்குப் போனால் இரண்டாவது முறை தீர்வை கட்ட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்புதான் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 'தீர்வை பூஜ்யம், ஒதுக்கீட்டு வரம்பு பூஜ்யம்' என்று ஓர் ஒப்பந்தத்தை அறிவித்திருந்தன. பூஜ்யம் என்று எழுதிய பிறகு இந்த இரண்டாவது தீர்வை எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் தேடினால் நாலரை வருடப் பேச்சுவார்த்தை முழுவதையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் ராணிப்பேட்டையில் ஏற்றுமதி ஆவணங்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் இந்த வரிசை ஊர்களில் டேனரியும் ஷூ கம்பெனியும் சோறு போடுகின்றன. தையல் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்கள். இந்தியத் தோல் பொருட்களைக் கூடுதலாக வாங்கும் நாடுகளில் அமெரிக்கா, ஜெர்மனிக்குப் பக்கத்திலேயே பிரிட்டனும் இருக்கிறது. அதனால் லண்டனில் நடக்கும் ஒரு வாக்கெடுப்பு எங்கள் ஊர் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்ணின் வேலைநாளைத் தொடும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட்டை இங்கிருந்து ஆராய இந்த ஒரு காரணம் போதும்.

வாக்குச் சீட்டில் இல்லாத கேள்வி

பிரிட்டன் 1973 ஜனவரி 1-ல் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1975-ல் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இருப்போம் என்றார்கள். 2016 ஜூன் 23-ல் அதே கேள்வி திரும்ப வந்தபோது 51.9 சதவீதம் பேர் வெளியேறுவோம் என்றார்கள், 48.1 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம், வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் இருப்பதற்கு. பிரதமர் டேவிட் கேமரன் விலகினார்.

இங்கே அது முதலில் தெரிந்தது பவுண்ட் விலையில். 100 ரூபாய்ப் பக்கம் இருந்த பவுண்ட் அந்த அக்டோபரில் 82 ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. பவுண்டில் இன்வாய்ஸ் போட்டு, மாற்று விலையை முன்கூட்டியே கட்டிவைக்கும் ஃபார்வர்டு கவர் எடுக்காதவர்களுக்கு லாபம் மொத்தமும் போனது. டாலரில் விலை பேசியவர்களும் தப்பவில்லை. பவுண்ட் சரிந்தால் பிரிட்டன் பையருக்கு அடக்கவிலை ஏறும், அடுத்த சீசன் விலை பேசும்போது அவர் அதை நம் தலையில்தான் இறக்குவார்.

வாக்குச் சீட்டில் இருந்தது இருப்பதா, போவதா என்ற கேள்வி மட்டும். போவதென்றால் எவ்வளவு தூரம் போவது என்று யாரும் மக்களைக் கேட்கவில்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் தரவிதிகள் பொதுவாக இருக்கும் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி, வெளிச்சரக்குக்கு எல்லாரும் ஒரே தீர்வை போடும் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. கனடாவுக்கு வர்த்தக ஒப்பந்தம் மட்டும். ஐரோப்பியத் தரப்பில் பேச வந்த மிஷேல் பார்னியே 2017 டிசம்பரில் இதை ஒரு படிக்கட்டுப் படமாகவே வரைந்து காட்டினார். பிரிட்டன் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி கீழே இறங்கினால், கடைசியில் கனடா, தென்கொரியா போன்ற ஒப்பந்தம் மட்டும்தான் மிச்சம். பிரிட்டன் எந்தப் படியில் நிற்கப் போகிறது என்பதை அதன் அமைச்சரவை தனக்குள் பேசி முடித்திருக்கவில்லை. என் கணிப்பில் இந்த நிகழ்வின் மற்ற எல்லாச் சிக்கலும் இங்கிருந்து கிளைத்தவைதான்.

கடிகாரத்தை ஓடவிட்டது யார்

ஒன்றியத்தை விட்டு விலகும் வழியைச் சொல்வது ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தின் 50-வது பிரிவு. அதை வரைந்ததில் பெரும்பங்கு பிரிட்டனைச் சேர்ந்த ஜான் கெர் என்ற முன்னாள் தூதருக்கு. விலகும் நாடு கடிதம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வருடம். அதற்குள் ஒப்பந்தம் வராவிட்டாலும் வெளியேதான். கெடுவை நீட்டிக்க மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஆக, கடிதம் கொடுக்கும் நிமிடம் வரை கடிகாரம் விலகும் நாட்டின் கையில், கொடுத்த பிறகு எதிர்த்தரப்பின் கையில்.

புதிய பிரதமர் தெரசா மே, ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் இருக்கமாட்டோம் என்று 2017 ஜனவரி 17-ல் அறிவித்தார். அடுத்த வாரமே, நாடாளுமன்றத்தின் அனுமதியில்லாமல் அரசு கடிதம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அனுமதி வாங்கி மார்ச் 29-ல் கடிதம் போனது. ஒரு மாதத்தில் 27 நாடுகளின் தலைவர்கள் கூடி, பேச்சுவார்த்தைக்கான வழிகாட்டுதலை சில நிமிடங்களில் ஏற்றுக்கொண்டு எழுந்தார்கள். 27 நாடுகளுக்கு ஒரே குரல். எதிரே ஒரே நாடு, அதற்குள் பல குரல்.

அப்புறம் மே இன்னொன்றும் செய்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொதுத்தேர்தல் வைத்தார். ஜூன் 8-ல் நடந்த அந்தத் தேர்தலில், கையில் இருந்த பெரும்பான்மையும் போய், வட அயர்லாந்தின் டியுபி கட்சியின் 10 உறுப்பினர்களை நம்பி ஆட்சி நடத்தும் நிலைமை வந்தது. எந்த வட அயர்லாந்து எல்லையில் பேச்சுவார்த்தை பின்னால் முட்டி நின்றதோ, அந்த எல்லையைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசும் கட்சி அது.

ஜூன் 19-ல் பிரஸ்ஸல்ஸில் பேச்சு தொடங்கியது. பிரிந்துபோகும் கணக்கையும் வருங்கால வர்த்தகத்தையும் ஒன்றாகப் பேச வேண்டும் என்பது பிரிட்டனின் நிலை. முதலில் குடிமக்கள் உரிமை, பாக்கிப் பணம், அயர்லாந்து எல்லை, இவை மூன்றிலும் போதிய முன்னேற்றம் வந்த பிறகுதான் வர்த்தகம் என்பது ஐரோப்பிய நிலை. இந்த வரிசையை எதிர்த்துக் கோடைக்காலம் முழுக்கச் சண்டை நடக்கும் என்று சொல்லியிருந்த பிரிட்டனின் அமைச்சர் டேவிட் டேவிஸ், முதல் நாளே ஐரோப்பிய வரிசையை ஏற்றுக்கொண்டார். விலை பேசாமல் முன்பணம் கொடுக்கச் சம்மதித்த மாதிரி ஆயிற்று. அந்தப் பணம் பின்னால் 3,500 கோடி முதல் 3,900 கோடி பவுண்ட் என்று கணக்காயிற்று.

எல்லையை எங்கே வைப்பது

இந்த நிகழ்வின் நெஞ்சுப் பகுதி இதுதான். நம்மூர்க்காரருக்கு இது சட்டென்று விளங்கும்.

காட்பாடியைத் தாண்டி சித்தூர் சாலையில் போனால் கிறிஸ்டியான்பேட்டையில் ஆந்திர எல்லை. ஜிஎஸ்டிக்கு முன் மாநில எல்லையில் வணிகவரிச் சாவடி இருந்த காலத்தில், லாரிகள் வரிசையில் நிற்பதும் டிரைவர் காகிதக் கட்டோடு ஜன்னலுக்கு ஓடுவதும் நாம் பார்த்தவைதான். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் தமிழ்நாடு தன் வணிகவரிச் சாவடிகளை எடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே வரி, ஒரே பில், ஒரே கணக்கு என்றான பிறகு வரிக்காக லாரியை நிறுத்திப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. பிரிட்டன் பிரஸ்ஸல்ஸில் பேச உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை அப்போது. இங்கே உள்நாட்டுச் சாவடி போய்க்கொண்டிருந்த அதே மாதத்தில், அங்கே இல்லாத சாவடியை எங்கே கட்டுவது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அயர்லாந்து தீவில் எல்லை சுமார் 500 கிலோமீட்டர், அதைக் கடக்கும் சாலைகள் 200-க்கு மேல். வடக்கே பிரிட்டனின் பகுதி, தெற்கே ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசு. முப்பது வருட வன்முறையில் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 1998-ன் பெரிய வெள்ளி ஒப்பந்தம் அங்கே அமைதியைக் கொண்டுவந்தது. ராணுவக் காவல் சாவடிகள் போயின. சுங்கச் சாவடிகள் ஒற்றைச் சந்தை வந்த 1993-லேயே போய்விட்டன. ஒரு குழந்தை எல்லை தாண்டிப் பள்ளிக்கூடம் போவதும், ஒரு பக்கத்துப் பால் மறுபக்கத்து ஆலைக்குப் போவதும் அங்கே அன்றாட நடப்பு.

பிரிட்டன் மூன்று வாக்குறுதி கொடுத்திருந்தது. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டுப் போவோம். அயர்லாந்து தீவில் சாவடி வராது. வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவிலும் சாவடி வராது. தீர்வையும் தரவிதியும் வேறுவேறாகும் இரண்டு சந்தைகளுக்கு நடுவே எங்காவது ஓரிடத்தில் சரக்கைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். மூன்று வாக்குறுதியில் எந்த இரண்டை எடுத்தாலும் மூன்றாவது உடையும். இதை வெளிப்படையாக மக்களிடம் சொல்லாமல் இரண்டு வருடம் கடத்தினார்கள். என்னால் ஏற்க முடியாத பகுதி இது. அந்த எல்லையில் வாழ்ந்தவர்களுக்குச் சாவடி என்றால் லாரி தாமதம் மட்டும் கிடையாது, அதன் பின்னால் துப்பாக்கி நின்ற நினைவு இருக்கிறது.

பிரிந்த பிறகு எல்லைக்கு அடித்துக்கொள்வது இந்தப் பக்கத்துக்கும் தெரிந்த கதை. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து தாலுகாக்களை எடுத்துச் சித்தூர் மாவட்டம் உண்டானது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்தபோது அது அந்தப் பக்கம் போயிற்று. திருத்தணி யாருக்கு என்று ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, படாஸ்கர் நடுவராக வந்து பேசி, சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி இந்தப் பக்கம் சேர்ந்தது. பிரிவுக்கும் கோட்டுக்கும் நடுவே ஆறரை வருடம். அது ஒரே நாட்டுக்குள், மேலே மத்திய அரசு என்று ஒன்று இருக்கும்போது. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் மேலே அப்படி யாருமில்லை.

தெரசா மே 2018 நவம்பரில் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் 'பேக்ஸ்டாப்' என்ற ஏற்பாடு இருந்தது. வேறு வழி கிடைக்கும் வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும். அதிலிருந்து பிரிட்டன் தானாக வெளியே வர முடியாது என்பதுதான் அவர் கட்சிக்காரர்களை உறுத்தியது. 2019 ஜனவரி 15-ல் பிரிட்டன் மக்களவை அந்த ஒப்பந்தத்தை 432-க்கு 202 என்று தோற்கடித்தது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. மார்ச் 27-ல் அரசை ஒதுக்கிவிட்டு மக்களவையே எட்டு வழிகளை வாக்குக்கு விட்டது. எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. வேண்டாம் என்று சொல்லப் பெரும்பான்மை இருந்தது, வேண்டும் என்று சொல்ல இல்லை.

மே போனார், போரிஸ் ஜான்சன் வந்தார். நாடாளுமன்றத்தை அவர் முடக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அக்டோபர் 17-ல் அவர் முடித்த ஒப்பந்தத்தில் மூன்றாவது வாக்குறுதி உடைந்தது. சோதனை, பிரிட்டன் தீவுக்கும் அயர்லாந்து தீவுக்கும் நடுவே இருக்கும் ஐரிஷ் கடலுக்குப் போனது. வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளோடு இருக்கும், மற்ற பிரிட்டனிலிருந்து அங்கே போகும் பெட்டிக்கு ஆவணம் வேண்டும். டிசம்பர் தேர்தலில் ஜான்சன் கட்சி 365 இடம் ஜெயித்தது. 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. வருடக் கடைசி வரை எதுவும் மாறாத இடைக்காலம்.

பூஜ்யத்துக்குள் இருந்த இரண்டாவது தீர்வை

வர்த்தக ஒப்பந்தம் 2020 டிசம்பர் 24-ல் முடிந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். டிசம்பர் 30-ல் ஒரே நாளில் மக்களவை அதை 521-க்கு 73 என்று நிறைவேற்றியது. கடைசிவரை இழுத்தது மீன்பிடி உரிமை. பிரிட்டனின் பொருளாதாரத்தில் மீன்பிடிப்பின் பங்கு மிகச் சிறியது. இழுபறியில் எது கடைசியாக நிற்கிறது என்பதற்கும் அதன் வருமானத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

அந்த ஒப்பந்தத்தில் தீர்வை பூஜ்யம் என்பது பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உண்டான பொருளுக்கு. இதைத்தான் 'பிறப்பிட விதி' என்கிறோம். ஆம்பூரில் பிறந்த ஷூ ஃபீலிக்ஸ்டோவில் தீர்வை கட்டியதால் பிரிட்டன் பொருளாகிவிடாது. பெட்டி மாற்றி லேபிள் ஒட்டினாலும் ஆகாது. அது டப்ளினுக்குள் இந்தியப் பொருளாகவே நுழையும், இந்தியப் பொருளுக்கு உரிய தீர்வையைக் கட்டும். நம்மைப் போன்ற வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும் நடந்ததில்லை இது. பிரிட்டனின் கடைத்தொடர் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் பெர்சி பிக் மிட்டாய் ஜெர்மனியில் செய்தது. அது பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்குப் போனால் தீர்வை விழும் என்று அந்தக் கம்பெனியின் தலைவரே 2021 ஜனவரியில் சொன்னார். ஒன்றியத்துக்குள் செய்து ஒன்றியத்துக்குள் விற்கும் பொருளுக்கே அந்தக் கதி.

பிரிட்டனில் ஒரே பெரிய கிடங்கை வைத்து ஐரோப்பா முழுக்க அனுப்பிக்கொண்டிருந்த பையர்களுக்கு இரண்டு வழி இருந்தது. பிரிட்டன் தீர்வை கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்து வெளியே அனுப்புவது ஒன்று, அதற்குத் தனி அனுமதி, தனிக் கணக்கு, தனிச் செலவு. ஆர்டரையே ஆம்பூரில் இரண்டாக உடைத்து, ஒன்றை பிரிட்டனுக்கும் மற்றொன்றை ராட்டர்டாமுக்கோ ஹாம்பர்குக்கோ நேராக அனுப்பச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது வழியில் வேலை முழுக்க நம் பக்கம் வந்து விழுகிறது. ஒரு கண்டெய்னர் நிரம்பிப் போன இடத்தில் இரண்டு அரைக் கண்டெய்னர். இரண்டு இன்வாய்ஸ், இரண்டு பேக்கிங் லிஸ்ட், இரண்டு ஷிப்பிங் பில். வளரும் நாடுகளின் சரக்குக்குத் தீர்வையைக் குறைக்கும் ஒன்றியத்தின் ஜிஎஸ்பி சலுகைக்கு 'ரெக்ஸ்' முறையில் பதிவு செய்த ஏற்றுமதியாளர் இன்வாய்ஸிலேயே பிறப்பிடத்தை அறிவிக்கலாம். பிரிட்டன் தனக்கென்று ஒரு ஜிஎஸ்பியைத் தொடங்கியபோது ரெக்ஸை எடுத்துக்கொள்ளவில்லை, பழைய ஃபார்ம் ஏ என்ற பிறப்பிடச் சான்றிதழ் அல்லது தனி அறிவிப்பு என்றது. ஒரே ஷூவுக்கு இரண்டு விதமான ஜாதகம்.

ஷூவின் மேல்பாகமான அப்பர் மட்டும் செய்து அனுப்புகிறவர்களுக்குக் கணக்கு வேறு. வெறும் அப்பரை வாங்கி அங்கே சோல் பொருத்தினால் ஒப்பந்தப்படி அந்த ஷூ பிரிட்டன் பொருளாகலாம். உள்சோலோடு பொருத்திய அப்பரை இங்கிருந்து வாங்கினால் ஆகாது. தையல் பிரிவுக்கும், அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவுக்கும் நடுவே இருக்கும் ஒரு வேலை, ஷூவின் நாட்டைத் தீர்மானிக்கிறது.

தரவிதியிலும் இதே பாதை. குரோம் பதனிட்ட தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஒன்றியம் 2015 மே 1 முதல் விதித்திருக்கிறது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டையும், 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் டேனரிகளின் மாசுக்கு எதிராக நம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் அறிந்த எங்களுக்கு இந்த விதி மேல் வருத்தம் இல்லை, நல்ல விதி. வெளியேறியதும் பிரிட்டன் அதே ரசாயனச் சட்டத்தைத் தன் பெயரில் நகலெடுத்துக்கொண்டது. இன்று எண் ஒன்றுதான். ஆனால் திருத்துகிறவர்கள் இப்போது இரண்டு பேர், இரண்டையும் தனித்தனியாகக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பாதுகாப்பு ஷூவுக்கு ஐரோப்பிய 'சிஇ' முத்திரைக்குப் பதில் 'யுகேசிஏ' என்று தனி முத்திரை கொண்டுவந்து, கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் 2023-ல் சிஇ முத்திரையையே காலவரையின்றி ஏற்போம் என்றார்கள். தனி விதி போடும் உரிமைக்காக வெளியேறிய நாடு, தனி விதியின் செலவைப் பார்த்துத் திரும்பிய இடம் அது.

வேலூரிலிருந்து போனவர்கள்

ஆள் போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குப் புதிதாகப் பதிவு செய்த நர்ஸ்கள் 2015-16-ல் 9,000-க்கு மேல். 2017-18-ல் ஆயிரத்துக்கும் கீழ். மொழித் தேர்வு கட்டாயமானதும் ஒரு காரணம், வாக்கெடுப்பு இன்னொன்று. அந்த இடத்தை நிரப்பியவர்களில் இந்திய நர்ஸ்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 1909-லேயே நர்ஸிங் பள்ளி தொடங்கிய சிஎம்சி இருக்கும் வேலூரில் இதை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பியரின் வருகையைக் குறைக்க வாக்களித்த நாட்டில் வார்டுகளை நடத்தத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெண்கள் போனார்கள்.

தனியே பேசியதன் பலன்

பிரிட்டனின் பக்கம் ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருதலையாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் 2007-ல் வர்த்தகப் பேச்சைத் தொடங்கி, 2013-ல் நிறுத்தி, 2022-ல் திரும்பத் தொடங்கின. தனியாக வந்த பிரிட்டன் இந்தியாவோடு 2022 ஜனவரியில் பேச ஆரம்பித்து, 2025 மே 6-ல் முடித்து, ஜூலை 24-ல் கையெழுத்துப் போட்டது. அதன்படி தோல், காலணி வகைகளுக்கு 16 சதவீதம் வரை இருந்த பிரிட்டன் தீர்வை பூஜ்யமாகிறது. எங்கள் ஊர்களுக்கு இது பெரிய விஷயம். ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் இதைத் தனியாகக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் ஐரோப்பாவோடு இழந்ததற்கு இது ஈடாகுமா என்பது பிரிட்டனின் கணக்கு. வெளியேறாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அந்த நாட்டின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகம் வைத்திருக்கும் மதிப்பீடு. 2025 மே 19-ல் ஒன்றியத்தோடு மறுபடி உட்கார்ந்து, உணவுப் பொருள் சோதனையைத் தளர்த்தப் பேசுவோம் என்றும், ஐரோப்பியப் படகுகளுக்கு மீன்பிடி உரிமை 2038 வரை என்றும் ஒத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. பிரிட்டன் தீர்வை பூஜ்யம் என்றதும் எல்லாச் சரக்கையும் அங்கே அனுப்பச் சொல்லும் பையர் வருவார். விலை சொல்லும் முன் அந்த ஷூ கடைசியாக எந்த ஊர்க் கடையில் விற்கப் போகிறது என்று கேட்டுவிடுங்கள். லண்டன், மான்செஸ்டர் என்றால் பூஜ்யம் நிஜமான பூஜ்யம். டப்ளின் என்றால் ஐரோப்பியத் தீர்வையைக் கூட்ட வேண்டும். பெல்ஃபாஸ்ட் என்றால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது வட அயர்லாந்தில் இருக்கும் பிரிட்டனின் ஊர்தான், ஆனால் 2023 பிப்ரவரி 27-ல் அறிவித்த விண்ட்சர் ஏற்பாட்டின்படி, அங்கேயே விற்று முடியும் சரக்குக்கு ஒரு பாதை, தெற்கே குடியரசுக்குப் போய்விடக்கூடிய சரக்குக்கு வேறு பாதை. எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பையர் எழுத்தில் சொல்லட்டும். தீர்வையை யார் கட்டுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.